பெஸ்ட் லூசருக்குத் தமிழ்: ஆளை விட்டுவிட்டு இடத்துக்குப் பெயர் வைப்போமா?

குழுவினருக்கு வணக்கம்,

தேர்தல் பேச்சில் வரும் ‘பெஸ்ட் லூசர்’ என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்று நான் கேட்டதற்கு மூன்று நாளாக இந்த இழையில் மடல்கள் வந்துகொண்டே இருக்கின்றன, எனக்குத்தான் இன்று வரை கை ஒழியவில்லை. மொரீசியசில் எங்கள் ரோஸ் ஹில் ஊரில் நல்ல மழை, மாலை வகுப்புக்கு ஆறு பேர்தான் வந்தார்கள், சீக்கிரமே வீடு வந்துவிட்டேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வியைக் கிளப்பியதே நான்தான் என்பதால் அது எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மொரீசியசில் தேர்தல் சீர்திருத்தப் பேச்சு அடங்கினாற்போல் அடங்கும், மறுபடி கிளம்பும். அதைப் பற்றி மாணவர்களுக்கு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் ‘பெஸ்ட் லூசர்’ வந்து குறுக்கே நின்றது. இங்கே கிரியோல் பேசும்போதும் பிரெஞ்சுப் பத்திரிகையிலும் அது அப்படியே பெஸ்ட் லூசர்தான், யாரும் மாற்றுவதில்லை. பலகையில் எழுதி, தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டேன். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, சாக்பீசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ‘நன்றாகத் தோற்றவர்’ என்று எழுதினாள். வகுப்பே சிரித்தது. அவள் செய்த தப்பு ஒன்றும் இல்லை, ஆங்கிலத்தில் இருப்பதைத்தான் எழுதினாள். சென்னை ஐயா இங்கே கொடுத்த ‘சிறந்த தோல்வியாளர்’ அதே சொல்லுக்கு வேட்டி கட்டிவிட்டது மாதிரிதான் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாடாளுமன்றத்துக்கு நேரடியாகத் தேர்வாகிறவர்கள் 62 பேர். 20 தொகுதிகளில் தொகுதிக்கு மூவர், ரோட்ரிக்ஸ் தீவுக்கு இருவர். வாக்காளர் மூன்று ஓட்டையும் போட்டே ஆகவேண்டும், ஒன்று குறைந்தாலும் செல்லாத ஓட்டு. இதற்கு மேல் 8 இடங்கள் வரை, தேர்வாகாதவர்களிலிருந்து சமூகவாரியாகப் பார்த்துக் கொடுப்பார்கள், அப்படி வருகிறவர்தான் பெஸ்ட் லூசர். இந்த முறை 1966-இல், தேர்தல் ஏற்பாட்டை ஆராய்ந்த பான்வெல் ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டி நடந்த பேரத்தில் பிறந்து, 1967 தேர்தலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரசியலமைப்பின் அட்டவணையில் சமூகங்கள் நான்கு: இந்து, முஸ்லிம், சீன மொரீசியர், அப்புறம் ‘பொது மக்கள்’. நான்காவது மற்ற மூன்றிலும் சேராத எல்லோருக்கும். தமிழர் என்று தனியாக ஒன்று கிடையாது, இந்துவுக்குள் அடக்கம். அதில் இங்குள்ள தமிழர் பலருக்கு வருத்தம் உண்டு, அது வேறு இழை.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை எங்கள் பெரியப்பாவிடம்தான் பார்க்கவேண்டும். 2024 நவம்பர் 10 வாக்களிப்பு, மறுநாள் எண்ணிக்கை. வானொலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய பள்ளி நோட்டில் நான்கு பத்தி கோடு கிழித்து, ஒவ்வொன்றின் தலையிலும் அந்தச் சமூகத்தின் 1972 மக்கள்தொகையை எழுதி உட்கார்ந்திருந்தார். அந்தச் சமூகத்திலிருந்து எத்தனை பேர் தேர்வானார்களோ அதோடு ஒன்றைக் கூட்டி, அதால் மக்கள்தொகையை வகுக்கவேண்டும். எந்தப் பத்தியில் வரும் எண் பெரிதோ அடுத்த இடம் அந்தச் சமூகத்துக்கு. ஒரு இடம் கொடுத்ததும் மறுபடி வகுக்கவேண்டும். பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு வகுத்துக்கொண்டிருந்தார். 1972 ஏன் என்றால், கணக்கெடுப்பில் சமூகத்தைக் கேட்பதை 1982-இல் விட்டுவிட்டார்கள், அரசியலமைப்பையும் திருத்தி அந்தப் பழைய எண்ணோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு வயது நாற்பத்தாறு. பெரியப்பாவின் நோட்டில் இருக்கும் மக்கள்தொகையில் நானே கிடையாது.

அந்தத் தேர்தலில், பிறகு பிரதமரான நவீன் ராம்கூலாமின் கூட்டணி 62-இல் 60 பிடித்தது, மீதி இரண்டும் ரோட்ரிக்ஸ் கட்சிக்கு. ஆட்சியிலிருந்த கூட்டணிக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. 1982-இலும் 1995-இலும் இதே கதைதான், பெரிய தீவின் 60-ம் ஒரே பக்கம். இப்படி ஆகும்போது எதிர்வரிசையில் உட்கார ஆள் வருவதே இந்த வழியில்தான். 2024-க்குப் பிறகு எதிர்க்கட்சித் தலைவரான ஜோ லெஸ்ஜோங்காரும் இப்படி உள்ளே வந்தவர். இப்போது ‘சிறந்த தோல்வியாளரான எதிர்க்கட்சித் தலைவர்’ என்று எழுதிப் படித்துப் பாருங்கள். செய்தியா, கிண்டலா? கலைச்சொல் என்றால் அதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் என் கட்சி.

இன்னொன்று. அரசியலமைப்பின் முதல் அட்டவணையைப் படித்தால் அங்கே தோற்றவர் என்று யாரும் இல்லை. ‘தேர்வாகாதவர்களுள் அதிக வெற்றி கண்ட வேட்பாளர்’ என்கிற பொருளில்தான் இருக்கிறது, இடங்களுக்குப் பெயர் ‘கூடுதல் இடங்கள்’. லூசர் தெருவில் வைத்த பட்டப்பெயர். பட்டப்பெயரை மொழிபெயர்க்க நாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

சரி, வந்த சொற்களைப் பார்ப்போம். மதுரை நண்பரின் ‘நியமன உறுப்பினர்’ ஒத்துவராது. மக்களவையில் 2020 வரை ஆங்கிலோ இந்தியர் இருவரை நியமித்தார்கள், அங்கே நியமிக்க ஒருவர் இருந்தார். இங்கே தேர்தல் ஆணையம் கணக்குப் போடுகிறது, யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. கொழும்பு அக்காவின் ‘போனஸ் ஆசனம்’ கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் உங்கள் நாட்டில் அது முதலில் வந்த கட்சிக்குக் கிடைப்பது, படிக்கிறவர் குழம்பிவிடுவார். கட்சிகள் நாடு முழுதும் வாங்கிய ஓட்டுக்கேற்பக் கிடைக்கும் உங்கள் தேசியப் பட்டியலில் தோற்றவர்கள் உள்ளே வருவது உண்மைதான், அது கட்சித் தலைமை பார்த்துக் கொடுப்பது. டர்பன் நண்பரின் ‘ஈடுசெய் இடம்’ முதலில் எனக்கும் பிடித்தது. யோசித்தால் அதில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ஈடு என்றால் யாரோ இழந்திருக்கிறார்கள், வாங்க உரிமை இருக்கிறது என்று ஆகிவிடும். இந்த முறை வேண்டாம் என்பவர்களின் வாதமே அங்குதான் தொடங்குகிறது. வேட்பாளர் தன் சமூகத்தை அறிவித்தே ஆகவேண்டும் என்பதை ரெசிஸ்தான்ஸ் எக் அல்தேர்நாதிவ் கட்சியினர் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை கொண்டுபோனார்கள். 2012-இல் குழு அவர்கள் பக்கம் பேசியது. 2014 தேர்தலுக்கு மட்டும் அறிவிக்காமல் நிற்கலாம் என்று தற்காலிகத் திருத்தம் வந்தது. இப்படி இரு தரப்பும் இழுத்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு ஒரு தரப்பின் சொல்லை நாம் வைக்கக் கூடாது.

‘வகுப்புவாரி இடம்’ பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு நீதிக்கட்சி காலத்திலிருந்து ஒரு மரியாதை இருக்கிறது. இங்கே ‘கொமினால்’ (கம்யூனல்) என்றால் வசவு. அதனால் வகுப்பு வேண்டாம், இனமும் வேண்டாம் (மதமும் வம்சமும் கலந்த பட்டியலை இனம் என்று எப்படிச் சொல்வது?), சமூகம் போதும். சொல்லில் இவ்வளவு பார்க்கவேண்டுமா என்று கேட்காதீர்கள். 1998-இல் புதிய ரூபாய் நோட்டில் இந்திக்குக் கீழே தமிழைப் போட்டதற்குப் போராட்டம் நடந்து, அந்த நோட்டுகளையே திரும்ப வாங்கி, மறு ஆண்டு வரிசையை மாற்றி அடித்த நாடு இது.

என் முன்மொழிவு: நிரவல் இடம். முறைக்கு நிரவல் முறை. பணி நிரவல் என்று ஆசிரியர்கள் தினமும் சொல்கிறார்கள், வயலை நிரவுகிறோம், புதுச்சொல் என்கிற உறுத்தல் இல்லை. ஆளைக் குறிக்கவேண்டிய இடத்தில் ‘நிரவல் உறுப்பினர்’. வென்றவரா தோற்றவரா என்ற பேச்சே எழாது. குறை இருந்தால் அடியுங்கள்.

---

மறுபடி நான்,

கொழும்பு அக்கா கேட்டது சரியான கேள்வி: நிரவுவது என்றால் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுவது, பணி நிரவலில்கூட ஒரு பள்ளியில் அதிகமுள்ள ஆசிரியரை எடுத்து இன்னொன்றுக்கு அனுப்புகிறார்கள், இங்கே மேட்டைத் தொடவே இல்லையே, பிறகு எப்படி நிரவல் என்கிறார்.

நேற்று இரவு முழுக்க இது மண்டையில் ஓடியது. பாதி ஒப்புக்கொள்கிறேன். எட்டில் முதல் நான்கு இடங்களில் யாருக்கும் எதுவும் குறையவில்லை, மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆனால் அடுத்த நான்கைப் பாருங்கள் அக்கா. முதல் நான்கில் எத்தனை மற்றக் கட்சிகளுக்குப் போனதோ, முடிந்தவரை அத்தனையை இரண்டாம் நான்கிலிருந்து முதலிடக் கட்சிக்குக் கொடுக்கிறார்கள். அதாவது சமூகப் பள்ளத்தை நிரப்பும்போது கட்சிக் கணக்கில் உண்டான சரிவை மறுபடி சமன் செய்கிறார்கள். ‘நிரப்பிடம்’ என்ற உங்கள் சொல் முதல் பாதிக்கு மட்டும்தான் பொருந்தும், மேலும் காலிப் பணியிடம் நிரப்புவது நினைவுக்கு வருகிறது. வெட்டாமலும் நிரவலாம் என்று வைத்துக்கொள்வோமே, எங்கள் வீட்டு முற்றத்தை லாரி மண் கொட்டித்தான் நிரவினோம்.

சங்கீதக் குழப்பம் வரும் (கச்சேரியில் ஒரு வரியை விரித்துப் பாடுவதும் நிரவல்தான்) என்று எழுதிய நண்பருக்கு: வரும். பெரியப்பாவிடம் சொன்னேன், “அப்போ எதிர்க்கட்சித் தலைவர் பாட வந்தவரா?” என்றார். அப்புறம் தாமே அந்த நோட்டை எடுத்து, எட்டு கட்டத்துக்கு மேலே ‘நிரவல்’ என்று எழுதிக்கொண்டார், ரகரத்துக்கு றகரம் போட்டு.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “நிரவல் இடம்: மொரீசியசில் சமூகங்களின் பிரதிநிதித்துவத்தைச் சமன் செய்ய, பொதுத் தேர்தலில் தேர்வாகாத கட்சி வேட்பாளர்களுக்குக் கணக்கின்படி தரப்படும் கூடுதல் நாடாளுமன்ற இடம், 8 வரை, வழக்கில் பெஸ்ட் லூசர்.” தேடுகிறவர்களுக்காக வழக்குச் சொல்லையும் விட்டிருக்கிறேன். பிரித்து ‘நிரவல் இடம்’ என்றா, சேர்த்து ‘நிரவலிடம்’ என்றா என்பது மட்டும் பாக்கி, சேர்த்தால் யாரிடம் என்று கேட்பது போல் ஒலிப்பதாக எனக்குப் படுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், சனிக்கிழமை குறிப்பை நகல் எடுக்கக் கொடுக்கிறேன்.