புதுப்பிப்பு: மூளைக் காயத்துக்குப் பிறகு தாம்பத்தியம் – வலிப்புக் குளிசையும் கர்ப்பத்தடையும்

தலையில் அடிபட்ட பிறகு ஆசை குறைந்தால் காலை 8–10 மணிக்குள் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹோர்மோன்) அளவைப் பார்க்கச் சொல்லி முன்பு எழுதியிருந்தோம். வலிப்புக் குளிசையைப் பற்றிச் சொல்லாமல் விட்டது எங்கள் பிழை. காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "வலிப்புக்குக் குளிசை போடுறன், கர்ப்பத்தடைக் குளிசை வேலை செய்யுமா?"

போடுற வலிப்புக் குளிசை பினைட்டோயின் அல்லது கார்பமசெபின் என்றால், கர்ப்பத்தடைக் குளிசையை நம்ப ஏலாது. இவை ஈரலைத் தூண்டி, கர்ப்பத்தடைக் குளிசையிலுள்ள ஹோர்மோனைச் சீக்கிரம் சிதைத்துவிடும். ஒரு நாளும் தவறாமல் போட்டும் கரு தங்கிவிடுவது இதனால்தான். கைத்தோலுக்கடியில் வைக்கும் குச்சிக்கும் அதே நிலைமை. செப்பு லூப்புக்கும் 3 மாத ஊசிக்கும் இந்தச் சிக்கல் இல்லை. சோடியம் வல்ப்ரோயேட் என்ற வலிப்புக் குளிசை கர்ப்பத்தடையைக் கெடுக்காது. ஆனால் வயிற்றுப் பிள்ளைக்குக் கடும் ஆபத்து. அதற்காகத் திடீரென நிறுத்திவிடாதீங்க, வலிப்பு திரும்பி வரும். கிளினிக்கில் கேட்டுத்தான் மாற்ற வேணும்.

ஆண்களுக்கும் ஒரு திருத்தம்: பினைட்டோயின் அல்லது கார்பமசெபின் எடுப்பவருக்கு டெஸ்டோஸ்டிரோன் மொத்த அளவு சரியாக வந்தாலும், உடம்பு பயன்படுத்தும் பங்கு குறைந்திருக்கலாம். எஸ்எச்பிஜியையும் (டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் இரத்தப் புரதம்) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க.

மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது குளிசை அட்டையை அப்படியே காட்டுங்க. வாய்விட்டுச் சொல்ல வெட்கமென்றால், அந்த அட்டையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.