மைனஸ் 40 டிகிரிக்கு எஸ்355 ஜே2 போதுமா? அவசரம்

குளிர்க்கூடம்:
குளிர்ப் பகுதியில் எஃகுக் கட்டமைப்பு ஒன்று. வெப்பநிலை மைனஸ் 40 வரை இறங்கும். எஸ்355 ஜே2 எஃகு (355 வலிமையைக் குறிக்கும், ஜே2 குளிரில் முறியாத தரத்தை) போட்டிருக்கிறோம். ஜே2 மைனஸ் 20இல்தான் சோதிக்கப்படுகிறது, எனவே கூடாது என்கிறார் மேலாளர். மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தகட்டடி:
தடிமன் எவ்வளவு? இழுவிசையா, அமுக்கமா? பற்றவைப்பு உண்டா? இவை இல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

வலுவேவாழ்வு:
எஸ்460க்கு மாறிவிடுங்கள். வலிமை கூடினால் கவலை இல்லை.

தகட்டடி:
வலிமை வேறு, முறிவைத் தாங்கும் திறன் வேறு. அதே ஜே2 தரத்தில் வலிமையை மட்டும் கூட்டினால் அனுமதிக்கும் தடிமன் குறையும்.

பழையகை:
சோதனை வெப்பநிலையும் பயன்பாட்டு வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அந்தச் சார்ப்பி சோதனை என்பது மாதிரித் துண்டைச் சுத்தியலால் ஒரே அடியில் உடைப்பது. கட்டடத்தில் சுமை மெதுவாக ஏறுகிறது. எஃகுக் கட்டமைப்புக்கான ஐரோப்பிய விதிநூல் யூரோகோட் 3, பகுதி 1-10இல் அட்டவணை 2.1ஐத் திறந்து பார்க்கவும். தரம், வெப்பநிலை, தகைவு (ஓரலகுப் பரப்பில் வரும் விசை) மூன்றையும் வைத்து அதிகபட்சத் தடிமனைத் தருகிறது. கேட்பதற்கு முன் படிக்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது.

பற்றவைப்பன்:
தரத்தை விடுங்கள். பிரச்சினை எப்போதும் பற்றவைப்பில்தான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி சரக்குக் கப்பல்கள் பிளந்தது எதனால்? பற்றவைக்காமல் தறையாணி அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

தகட்டடி:
பாதி உண்மை. பற்றவைத்த உடலில் விரிசல் தகட்டுக்குத் தகடு தடையின்றி ஓடியது. ஆனால் குளிரில் அந்த எஃகே நொறுங்கும் தன்மைக்கு மாறியது என்று கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் காட்டினார். சரக்கறைத் திறப்பின் கூர்மூலைகளில் தகைவு குவிந்ததும் ஒரு காரணம்.

பற்றவைப்பன்:
அந்த எஃகையும் பற்றவைத்துத்தானே கப்பல் செய்தார்கள்!

பழையகை:
1943இல் ஸ்கெனெக்டடி என்ற கப்பல் துறையில் நின்றபடியே பிளந்தது, அது லிபர்ட்டியே அல்ல, எண்ணெய்க் கப்பல். வரலாறு பேசுவதானால் கப்பலையாவது சரியாகச் சொல்லுங்கள்.

பற்றவைப்பன்:
நான் அதன் பெயரையே எடுக்கவில்லை ஐயா.

குளிர்க்கூடம்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பெரும்பாலும் 20 மிமீ. ஓர் இணைப்புத் தகடு மட்டும் 50 மிமீ, முழு இழுவிசை, பற்றவைத்தது. குளிர்வளைப்பு (சூடாக்காமல் வளைப்பது) இல்லை. மைனஸ் 40 என்பது காற்றின் வெப்பநிலை.

தகட்டடி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கதிர்வீச்சு இழப்புக்குப் பொதுவாக 5 டிகிரி கழிப்பார்கள், எனவே மைனஸ் 45. தகைவு, நெகிழ்வு வலிமையின் (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவின்) 0.75 மடங்கு என்றால், மைனஸ் 40இல் ஜே2க்கு 35 மிமீ, மைனஸ் 50இல் 25 மிமீ. இடைக்கணித்தால் 30. உங்கள் 20 மிமீ தகடுகள் தாராளமாகத் தேறும். 50 மிமீ தேறாது. அடுத்த உயர் தரங்களான கே2வும் சாதாரண 'என்' தரமும் 40 மிமீக்குக் கீழே நின்றுவிடும். கடுங்குளிருக்கான என்எல் அல்லது எம்எல் தரம் வேண்டும். அவற்றுக்கு 55 மிமீ வரை உண்டு. தகைவு பாதிதான் என்றால் ஜே2க்கே 50 கிடைக்கும், ஆனால் விளிம்பில் நிற்பீர்கள். சுமை மோதலாக வருமானால் இந்தக் கணக்கு மாறும்.

பற்றவைப்பன்:
பற்றவைக்கும் கோலின் சார்ப்பி மதிப்பையும் கேளுங்கள். அதை யாரும் கேட்பதில்லை.

பழையகை:
முதல்முறையாக உருப்படியான பேச்சு. எஃகு ஆலைச் சான்றிதழில் மூன்று சார்ப்பி மாதிரிகளின் மதிப்பும் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். சராசரியை மட்டும் காட்டி ஏமாற்றுவார்கள்.

குளிர்க்கூடம்:
50 மிமீக்கு என்எல், மற்றவற்றுக்கு ஜே2. மேலாளர் ஒப்புக்கொண்டார். நன்றி.

வலுவேவாழ்வு:
எஸ்460 என்எல் கிடைக்குமே?