ஹிட்டாச்சி ஏற்றச் சொந்த லோபெட்: ஆறு டயர் புல்லரா, பத்து டயர் புல்லரா?

வள்ளியூர்_மண்வேலை:
அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். எங்களிடம் மண் தோண்டும் ஹிட்டாச்சி மிஷின் 20 டன் வகையில் இரண்டும் 30 டன் வகை ஒன்றும் ஓடுகின்றன. இராதாபுரம் பக்கத்துக் கல்குவாரி, குளம் தூர்வாரும் வேலை, அவ்வப்போது தென்காசி என்று மிஷினை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றாலை வேலை சூடுபிடித்துவிட்டால் வாடகைக்கு லோபெட் (மிஷின் ஏற்றும் தாழ்தள டிரெய்லர்) கிடைப்பதில்லை. மிஷின் ஒரு குவாரியில் சும்மா நிற்கிறது, அடுத்த இடத்துக்காரர் போனில் சத்தம் போடுகிறார். சொந்தமாக வாங்கத் தீர்மானித்துவிட்டோம். அதை இழுக்கும் வண்டிக்கு மைத்துனர் ஆறு டயர் புல்லரே போதும், டீசல் மிச்சம் என்கிறார். எனக்குப் பத்து டயர் மீது கண். பின்னாளில் காற்றாலைச் சாமானும் ஏற்ற ஆசை. எதை எடுக்கலாம்?

தாழையூத்து_டிரைவர்:
நான்குவழிச் சாலையோடு நிற்குமென்றால் மைத்துனர் சொல்வது சரி. குவாரிக்குள் இறங்கி ஏறுவதென்றால் பத்து டயர்தான்.

கயத்தாறு_லோபெட்:
தம்பி, முதலில் பாரத்தைக் கணக்குப் போடுங்கள், புல்லரைப் பிறகு பார்க்கலாம். 2018இல் அச்சு எடை வரம்பை உயர்த்திய பிறகு முன் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு 11.5, இரட்டை அச்சுக்கு 21, டிரெய்லரின் மூன்று அச்சுக்கு 27. ஆறு டயர் புல்லரும் மூன்று அச்சு லோபெட்டும் சேர்ந்து 45.5 டன். பத்து டயர் என்றால் 55. வண்டியின் சொந்த எடையைக் கழியுங்கள். ஆறு டயர் ஜோடி 18 டன்னை ஒட்டி வரும், மிஞ்சுவது 27 சொச்சம். சின்ன ஹிட்டாச்சி சுகமாகப் போகும், பெரியது போகாது. பத்து டயர் ஜோடி 22 டன் வந்தாலும் 33 மிஞ்சும். அதுவும் தாராளம் இல்லை. பெரிய மிஷினோடு பாறை உடைக்கும் பிரேக்கரும் ஏறினால் இரண்டு டன் கூடிவிடும். வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

குவாரி ஏற்றத்தில் இன்ஜின் திணறுவதற்கு முன்பே டயர் சுழலத் தொடங்கிவிடும். ஐப்பசி மழையில் செம்மண் மேல் ஒற்றை அச்சு இழுக்கும் வண்டி நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். ஆகவே இரண்டு பின் அச்சும் இழுக்க வேண்டும். பத்து டயர் என்று விற்பதிலும் சிலவற்றில் ஒரே அச்சுதான் இழுக்கும். கீழே குனிந்து பாருங்கள். முதல் பின் அச்சின் ஹவுசிங்கிலிருந்து (அச்சுக் கூடு) அடுத்த அச்சின் ஹவுசிங்குக்கு ஒரு குட்டை ஷாஃப்ட் போக வேண்டும். அது இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மிஷினை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். மிக முன்னால் போனால் புல்லரின் அச்சு அளவு மீறும். மிகப் பின்னால் போனால் புல்லர் லேசாகி, ஏற்றத்தில் பிடி விட்டுப்போகும். தளத்தில் பலகை பதித்திருக்க வேண்டும். வெறும் இரும்புத் தளத்தில் இரும்புச் சங்கிலிப் பட்டை ஈரத்தில் வழுக்கும். சங்கிலி போட்டு இறுக்கியிருக்கிறோம் என்ற தைரியத்தில் பலகையை விடாதீர்கள். அதில் உயிர் இருக்கிறது.

காற்றாலைச் சாமான் வேறு தொழில். இன்றைய இறக்கை 60 மீட்டரைத் தாண்டுகிறது, அதற்கு நீளும் டிரெய்லர் வேண்டும். நாசெல் (காற்றாலை உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் பெட்டி) போன்ற பெரும் பாரத்துக்கு, வரிசை வரிசையாக அச்சு சேர்த்து ஒவ்வொன்றும் தனியே திரும்பும் ஹைட்ராலிக் ஆக்சில் வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வருவதை நின்று பார்த்தால் தெரியும்: முன்னால் பைலட் வண்டி, மின்கம்பி தூக்க ஆள், வளைவில் மரக்கிளை பார்க்க ஆள். இந்த லோபெட்டை வைத்து அந்த ஆசையை வளர்க்காதீர்கள்.

தென்காசி_குற்றாலச்சாரல்:
மலிவாகக் கிடைக்கிறதென்று பிளாட்பெட் எடுத்துவிடாதீர்கள். அதன் தளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம். அதன்மேல் மூன்று மீட்டர் மிஷின் நின்றால் நாலரை. ரயில்வே கேட்டின் உயரக் கம்பி 4.67 மீட்டரில் நிற்கிறது, மிஷினின் கையான பூம் கொஞ்சம் நிமிர்ந்தாலும் தட்டும். லோபெட்டில் நாலு மீட்டரோடு போய்விடலாம். கேரள வேலை வந்தால் புளியரை எஸ் வளைவை ஒருமுறை காரில் போய் அளந்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

வள்ளியூர்_மண்வேலை:
மிக்க நன்றி. மைத்துனரிடம் 45.5 கணக்கைக் காட்டினேன், பத்து டயருக்கு ஒத்துக்கொண்டார். சின்ன மிஷினே 2.8 மீட்டர் அகலம் இருக்கிறதே, அதற்கும் அனுமதி வேண்டுமா? பழைய லோபெட் ஒன்று விலைக்கு வருகிறது, எதைப் பார்க்க வேண்டும்?

கயத்தாறு_லோபெட்:
2.6 மீட்டரைத் தாண்டினால் ஓடிசிதான், அதாவது அளவு மீறிய சரக்கு. அனுமதி வாங்கி, சிவப்புக் கொடி கட்டி, பகலில் ஓட்டுங்கள். பழைய லோபெட்டில் கூஸ்நெக் (புல்லரோடு சேரும் முன்கழுத்து) வளையும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டுங்கள். வெல்டிங் மேல் வெல்டிங் தெரிந்தால் முன்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்சி புத்தகத்தில் எழுதியிருக்கும் மொத்த எடையையும் படித்துப் பாருங்கள். அச்சு மூன்று இருந்தாலும் புத்தகத்தில் பழைய அளவே இருந்தால், சாலையில் பிடிப்பவர் புத்தகத்தைத்தான் பார்ப்பார்.