08/05 எந்த மாதம்?

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பத்து வயதிலிருந்தே அமெரிக்க அரசாங்கக் கடிதங்களை அப்பாவுக்கு வாசித்துச் சொன்னவள், அதனால் குடிவரவுச் சட்டம்தான் என் வழி என்றபோது வீட்டில் யாருக்கும் ஆச்சரியமில்லை. இப்போது சனிக்கிழமைகளில் ஓர் இலவச சட்ட உதவி நிலையத்தில் தமிழ் மொழிபெயர்க்கிறேன். அங்கே நடந்தது இது (நாட்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்).

இலங்கையிலிருந்து வந்து அசைலம் (அடைக்கலம்) கேட்டிருக்கும் ஓர் அண்ணா. வந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டிய ஐ-589 விண்ணப்பத்தைத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு நிரப்பி நேரத்தோடு கொடுத்துவிட்டார். அதில் அவரைப் பிடித்துக்கொண்டு போன நாள் 08/05. நமக்கு அது மே 8. இங்கே மாதம் முதலில் வரும், ஆக ஆகஸ்ட் 5. இணைத்திருந்த ஆஸ்பத்திரித் துண்டிலோ மே 12. அடி விழுவதற்கு மூன்று மாதம் முன்பே காயத்துக்குத் தையல் போட்டவர் ஆகிவிட்டார்! 2005இல் வந்த ரியல் ஐடி சட்டப்படி, வழக்கின் மையத்தைத் தொடாத சின்ன முரண்பாட்டைக்கூட வைத்து நீதிபதி ஒருவரை நம்பாமல் விடலாம்.

எங்கள் வக்கீல் அக்கா திருத்தம் எழுதினார். நான் துண்டை மறுபடி மொழிபெயர்த்து, மாதத்தை எழுத்தில் எழுதி, இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரி என்று உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். நீதிமன்றத்துக்குப் போகும் தாளில் என் பெயர் அதுதான் முதல் தடவை, கை நடுங்கியது.

குடிவரவு நீதிமன்றத்தில் வக்கீல் வைக்க உரிமை உண்டு, அரசு செலவில் கிடையாது. பிள்ளைகளுக்கும் அதே நிலைதான். இதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

புறப்படும்போது அந்த அண்ணா, தான் தங்கும் அறை மாறிவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னார். குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசு அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு அறிவித்தாராம், ஆனால் நீதிமன்றம் வேறு, அதற்கு இஓஐஆர்-33 என்ற முகவரி மாற்றப் படிவத்தை 5 நாட்களுக்குள் தனியாகக் கொடுக்க வேண்டும். கடிதம் பழைய வீட்டுக்குப் போய் விசாரணையைத் தவறவிட்டால், அவர் இல்லாமலேயே நாடுகடத்தும் உத்தரவு போட்டுவிடலாம். அவரை மறுபடி உட்காரவைத்து நிரப்பினோம்.

"தங்கச்சி, நீங்கள் லோயரோ?" என்றார். இன்னும் இல்லை. பட்டப்படிப்பு முடித்து, குடிவரவு வழக்குகளில் உதவ அமெரிக்க அரசின் நீதித்துறை (Department of Justice) அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாக முயல்வேன், அதற்கு வக்கீல் பட்டம் தேவையில்லை. அப்புறம் மூன்று வருடச் சட்டப் படிப்பு.

போன வாரம் புது முகவரிக்கு வந்த விசாரணைக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "இதில மாதம் எது, தங்கச்சி?"