படத்திலும் பூங்காவிலும் நம் மலை மக்கள்: நீங்கள் கண்டதை எழுதுங்கள்

உதகை ஆசிரியை:

மாணவிகளைக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அங்கே 'ஆதிவாசி கிராமம்' என்ற படகுச் சவாரியின் டிக்கெட் கவுண்டரை, தோடர் பழங்குடியினரின் மந்தில் (அவர்கள் குடியிருப்பில்) இருக்கும், எருமைப் பாலைப் புனிதமாகப் பேணும் பால்கோயிலின் வடிவத்திலேயே, வளைந்த கூரையோடு சிமென்ட்டில் கட்டியிருந்தார்கள். உண்மையான கோயிலின் வாயில் தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். பூசை செய்பவரைத் தவிர யாரும் உள்ளே போவதில்லை. இங்கே வாயிலை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, உள்ளே கணினியோடு ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். வரிசையில் நின்றிருந்த தோடர் மாணவி ஒருத்தி, "மிஸ், அது கிட்ட எங்கம்மாவே போகமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்ற பிள்ளைகள் சவாரியிலிருந்து திரும்பும் வரை அவள் இறங்கவே இல்லை. அவளிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

கோத்தகிரிக்காரர்:

இதை உள்ளூர் முதலாளிகளின் அறியாமை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. இந்த வழக்கத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. பெருந்தொற்றுக்கு முன்பு மகள் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டுக்குப் போயிருந்தேன். 1955இல் அந்தப் பூங்கா திறந்த காலத்திலிருந்தே ஓடும் 'ஜங்கிள் குரூஸ்' படகில் ஏறினோம். கரையில் ஈட்டியோடு ஆடும் பொம்மைகளும், சுருக்கிய மனிதத் தலைகளை விற்கும் வியாபாரி பொம்மை ஒன்றும் நின்றன. படகோட்டி சொன்ன வேடிக்கைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது என் பேரன், "தாத்தா, உங்க காட்டுல இருக்கிறவங்களும் இவங்கதானா?" என்று கேட்டான். அந்தக் குழந்தை அதுவரை நம் மலைப் பழங்குடிகளான குறும்பரையோ இருளரையோ கண்டதில்லை. இந்தப் பொம்மைகளைத்தான் முதலில் கண்டான். அந்தக் காட்சிகளை மாற்றப்போவதாக 2021இல் நிறுவனம் அறிவித்தது, மாற்றியும்விட்டது. அதற்குள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்!

குன்னூர் வியாபாரி:

இருவர் சொல்வதையும் முழுதாக ஏற்க முடியவில்லை. சுற்றுலாவே இல்லையென்றால் தோடர் பூவேலையை வெளியே யார் அறிந்திருப்பார்கள்? என் கடைக்கு வந்த அம்மா ஒருவர், ஏதோ படத்தில் கதாநாயகி போர்த்தியிருந்தது போன்ற சால்வைதான் வேண்டும் என்றார். நான் காட்டிய அசல் புத்துக்குளியை, அதாவது தோடர்கள் போர்த்தும் பூவேலைச் சால்வையை, "படத்துல இருக்கிற மாதிரி இல்லையே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே வாங்குபவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன். இந்த வேலைப்பாட்டுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. துணியில் மாதிரி வரைந்துகொள்ளாமல், வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலால் தைப்பார்கள். எனவே கைவேலைக்கு நாள் பிடிக்கும், விலையும் கூடும். மலிவாகக் கிடைத்தால் அது இயந்திரத் தையலா என்று கேளுங்கள். எந்த மந்தில், யார் தைத்தது என்றும் கேளுங்கள். சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். இயன்றால் தைத்தவரிடமே நேரில் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். பூங்காவோடு சண்டை போடுவதைவிட இது அவர்களுக்குப் பயன் தரும்.

மசினகுடியிலிருந்து:

வியாபாரி ஐயா, சால்வை விற்பனையும் கோயிலை டிக்கெட் கவுண்டராக்குவதும் ஒன்றல்ல. சால்வையைத் தைத்தவர் விற்கச் சம்மதித்துத் தருகிறார். கோயில் விஷயத்தில் யாரும் யாரையும் கேட்கவே இல்லை.

எங்கள் பக்கம் ஒரு படப்பிடிப்புக் குழு வந்திருந்தபோது ஆள் திரட்டிக் கொடுக்கும் வேலையில் நான் இருந்தேன். சேலையும் சட்டையுமாக வந்த இருளர்களுக்கு இலையாடை கட்டிவிட்டு, முகத்தில் கரிய சாயம் பூசினார்கள். ஒரு பாட்டி மேக்கப்காரரின் கையைப் பிடித்து நிறுத்தி, "என் கறுப்பு உனக்குப் பத்தலையா?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போய்விட்டார். கூலி கொடுத்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் கூலி தந்துவிட்டால் கேள்வி முடிந்துவிடாது. 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' வரிசைப் படத்துக்காக டொமினிக்கா என்ற கரீபியத் தீவில் படம் பிடித்தபோது, தம் இனத்தாரை நரமாமிசம் தின்பவர்களாகக் காட்ட வேண்டாம் என்று அங்குள்ள கரீப் பழங்குடி மக்களின் தலைவர் எதிர்த்தார். அந்த மக்களிலேயே பலர் சம்பளத்துக்கு அதில் நடிக்கவும் செய்தார்கள், காட்சி மாறவில்லை. வறுமையில் இருப்பவர் கூலிக்கு வந்து நிற்பதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

முறையாகவும் செய்ய முடியும். அதே டிஸ்னி, 'ஃப்ரோசன்' இரண்டாம் படத்துக்காக வட ஐரோப்பாவின் பழங்குடியினரான சாமி மக்களுடைய நாடாளுமன்றங்களோடு ஒப்பந்தம் எழுதி, அவர்களின் ஆலோசகர்களை வைத்துக்கொண்டு, 2019இல் அவர்கள் மொழியிலும் படத்தை வெளியிட்டது. ஆசிரியை அம்மா, அந்த மாணவியின் மந்துப் பெரியவர்களிடம் முதலில் பேசுங்கள். பூங்காவுக்கு எழுதுவதென்று அவர்கள் முடிவு செய்தால், கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுக்க நான் வருகிறேன்.