சிங்கக்குட்டியின் தந்தை இறக்கும் காட்சி: ஆறு வயதுக் குழந்தைக்குக் காட்டலாமா?

கேள்வி: வணக்கம். 1994இல் வெளிவந்த ‘தி லயன் கிங்’ படத்தை என் ஆறு வயது மகளுடன் பார்த்தேன். இறந்து கிடக்கும் தந்தைச் சிங்கம் முஃபாசாவின் முன்னங்காலுக்கு அடியில் குட்டி சிம்பா நுழைந்து படுக்கும் இடத்தில் அழத் தொடங்கியவள், அன்றிரவு என் கையைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உறங்கினாள். படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியைக் காட்டலாமா?

பதில் 1: பகல் வேளையில், அருகில் அமர்ந்து காட்டுங்கள். பாதியில் நின்றுவிட்டால் அவள் மனத்தில் அந்த இறப்பு மட்டுமே தங்கிவிடும். இறப்பைவிட என்னை உறுத்துவது, தந்தை இறந்ததற்குக் காரணம் நீதான் என்று சிற்றப்பன் ஸ்கார் அந்தக் குட்டியை நம்பவைப்பதுதான். வீட்டில் எது நடந்தாலும் தன்னால்தான் என்று எண்ணும் வயது என்பதால், சிம்பாமீது எந்தத் தவறும் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பதில் 2: முந்தைய கருத்தை ஏற்கிறேன். 1942இல் வந்த ‘பாம்பி’யில் தாய்மான் இறப்பதைக் காட்டுவதே இல்லை, துப்பாக்கி ஓசை மட்டும் கேட்கும், பிறகு பனியில் குட்டி தாயைத் தேடி அலையும். என் மகன் அதற்குத்தான் அதிகம் கலங்கினான். ‘ஃபைண்டிங் நீமோ’வோ தொடக்கத்திலேயே தாயைப் பறித்துவிடுகிறது. ஆகவே நான் முதலில் தனியாகப் பார்த்துவிடுகிறேன்.

கேட்டவர்: நன்றி. நேற்று அவளே, “சிம்பாவுக்கு இப்போது யார் சோறு போடுவார்கள்?” என்று கேட்டாள். சனிக்கிழமை காலை மீதியைப் பார்க்கவிருக்கிறோம்.