மண்டபம், பாம்பன் பக்கம் சோலார் வேலை: ஐடிஐ முடித்தவர்களுக்கு ஊரிலேயே பிழைப்பு உண்டா?

கடலோரத்தான்:
எலக்ட்ரீசியன் பிரிவில் ஐடிஐ முடித்த பையன்கள் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். திருப்பூர், இல்லாவிட்டால் வளைகுடா என்றுதான் கிளம்புகிறார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. "நம்ம மின்சாரம், நம்ம ஊர் வேலை" என்று மேடையில் பேசுகிறார்களே, அந்த வேலை எங்கே போனது? நாலைந்து பேர் சேர்ந்து வீட்டு மாடி சோலார் குழு ஆரம்பித்தால் தாக்குப்பிடிக்குமா? மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா? உப்புக் காற்றில் எது நிற்கும், எது நிற்காது?

வெயில்கணக்கு:
கமுதி கட்டியபோது 8,500 பேர் வரை வேலை பார்த்தார்கள். சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், ஒரு வருடத்துக்குள் முடிந்தது. முடிந்ததும் ஆளும் கலைந்தது. அங்கே பேனலைத் துடைப்பதுகூட ரோபோதான். பெரிய நிலையம் மின்சாரம் தரும், வேலையைக் கட்டுகிற வரைக்கும்தான் தரும்.

அதே 648 மெகாவாட்டை 3 கிலோவாட் துண்டுகளாகப் பிரித்தால் 2,16,000 மாடிகள். ஒரு மாடிக்கு மூன்று பேர், இரண்டு நாள் என்றால் ஏறக்குறைய 13 லட்சம் ஆள்நாள். நம் மாவட்டத்தில் அத்தனை தகுதியான மாடி இருக்காது, இது கணக்குக்காகச் சொன்னது. ஆனால் மாடி வேலையில் பழுதுபார்ப்பும் கூடவே வரும், அதை உள்ளூர்க்காரன்தான் செய்ய முடியும்.

வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம்: 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அதிகபட்சம் 78,000. பேனல் உள்நாட்டு சோலார் செல்லில் செய்ததாக இருக்க வேண்டும். விலை மலிவு என்று வேறு பேனலை மாட்டிவிட்டால் மானியம் போச்சு, வீட்டுக்காரர் உங்கள் வாசலில் நிற்பார்.

யாரிடம் விற்பது என்பதில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 250, 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு சோலார் போட்டால் போட்ட காசு திரும்ப வருவதற்குள் இன்வெர்ட்டரையே (பேனல் தரும் டிசியை வீட்டுக் கரண்டாக்கும் பெட்டி) மாற்ற வேண்டி வரலாம். 3 கிலோவாட் ஒரு நாளைக்கு சராசரி 12 யூனிட், பில் காலத்துக்கு 700 சொச்சம் தரும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளைப் பிடியுங்கள். அங்கே கீழ்ப்படி யூனிட்டுகளின் (பில்லில் முதலில் வரும், விலை குறைந்த யூனிட்டுகள்) விலையும் சேர்ந்து ஏறுவதால் லாபம் கண்ணுக்குத் தெரியும். கீழக்கரை மாதிரி ஏசி ஓடும் பெரிய மாடி வீடுகள் உள்ள ஊர்களில் முதலில் தேடுங்கள். ராமேஸ்வரம் விடுதிகளுக்கு வீட்டு மானியம் கிடையாது, அது வேறு கணக்கு.

கம்பியாள்:
தம்பி, உப்புக் காற்று பற்றி. பேனல் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. முதலில் சாவது போல்ட், அடுத்தது எர்த், மூன்றாவது கனெக்டர்.

ஸ்டாண்டுக்கு உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புதான் வேண்டும். வெறும் துத்தநாகப் பெயின்ட் அடித்ததைத் தொடாதீர்கள். மாடியில் வைத்து வெட்டினால், துளை போட்டால், அந்த இடத்தில்தான் துரு ஆரம்பிக்கும். அதனால் பட்டறையிலேயே வெட்டித் துளை போட்டு, அப்புறம் முக்க அனுப்புங்கள். போல்ட் 316 ரக ஸ்டீல். 304 தீவுக்குள் பழுப்பேறிவிடும்.

தளத்தில் போல்ட் அடித்து இறக்காதீர்கள். தட்டோடு உடைந்து அடுத்த வாடைக்கால மழையில் ஒழுகும். கான்கிரீட் கட்டை வார்த்து அதில் நிறுத்துங்கள். கட்டையின் எடையைக் கண்ணளவில் முடிவு செய்யக் கூடாது, புயல் காற்று பேனலைக் கீழிருந்து தூக்கும்.

எர்த்: உப்பும் கரியும் கொட்டி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் இறக்குவது பழைய வழக்கம். ஏற்கெனவே உப்பு ஊறிய மண்ணில் பைப் சீக்கிரம் அரித்துப்போகும். தாமிரம் பூசிய ராடும் பென்டோனைட் களிமண் கலவையும் போடுங்கள். அளந்து 5 ஓமுக்குக் கீழே வந்தால்தான் விடணும். மேல்மணல் கோடையில் காய்ந்துவிடும், எனவே ராடு ஈரம் இருக்கும் ஆழம் வரை போகணும். அலுமினிய ஃபிரேமில் தாமிரக் கம்பியை நேராக முறுக்கினால் இரண்டும் சேர்ந்து அலுமினியத்தைத் தின்றுவிடும், நடுவில் வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனையில் மாட்டும் உலோகத் துண்டு) வேண்டும்.

கனெக்டரைக் கட்டிங் பிளேயரால் நசுக்குகிறவர்களை வேலையை விட்டே அனுப்புங்கள். ஒரு கம்பெனியின் ஆணும் இன்னொன்றின் பெண்ணும் பார்க்கப் பொருந்தும், உள்ளே சூடேறி உருகும். ஆறு பேனல் வரிசையில் 300 வோல்ட் டிசி கிட்ட வரும். ஓடும்போது பிடுங்கினால் பொறி அணையாது. முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தணும், அடுத்து டிசி ஐசொலேட்டர் (பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), பிறகுதான் கை வைக்கணும்.

கடலோரத்தான்:
நன்றி அண்ணே. ரெண்டு கேள்வி. துடைக்க போர் தண்ணி போதுமா? ஐஸ் பிளான்ட்காரர்கள் கரண்ட் பில் பற்றிப் புலம்புகிறார்கள், அவர்களைக் கேட்கலாமா?

வெயில்கணக்கு:
போர் தண்ணீர் வேண்டாம், வெள்ளைத் திட்டு படியும். ஆர்ஓ-வில் வெளியேறும் தண்ணீரைச் சிலர் பயன்படுத்துகிறார்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். மழைநீர், இல்லையென்றால் காவிரித் தண்ணீர் கொஞ்சம். விடியலில் துடையுங்கள். பகலில் கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழலாம். கீழ் விளிம்பில் பட்டையாகச் சேரும் அழுக்குதான் உற்பத்தியைத் தின்னும், பலர் நடுவைத் துடைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

ஐஸ் பிளான்ட்டில் ஒரு சிக்கல். வெயில் உச்சத்தில் இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது, பிளான்ட்டும் பாதி தூக்கத்தில் இருக்கும். வருடக் கணக்கில் அந்த 61 நாளைக் கழித்துவிட்டு, பகலில் கம்ப்ரசர் நேரடியாக எடுக்கும் மின்சாரத்தை மட்டும் சேமிப்பாக எழுதிக் காட்டுங்கள். அப்போதும் தேறினால் போடலாம்.

அதே 61 நாள்தான் உங்களுக்கு ஆள் கிடைக்கும் காலமும். கயிறு கட்டிப் பேனல் ஏற்ற கடல்காரர்களைவிட நல்ல கை கிடையாது. ஒரு பேனல் 28 கிலோ வரை, இரண்டரை சதுர மீட்டர். கச்சான் (மேற்கிலிருந்து வீசும் காற்று) பலத்த பிறகு பேனல் படகுப் பாய் மாதிரி இழுக்கும், மாடி வேலையை அதற்கு முன்னால் முடிக்கப் பாருங்கள். ஆனால் வயரிங்கில் அவர்களை விடாதீர்கள்.

கரிமூட்டம்:
எல்லாரும் மாடியையே பார்க்கிறீர்கள். விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் 10 மெகாவாட் உயிர்ப்பொருள் நிலையம் ஒன்று ஓடினால் ஒரு நாளைக்கு 300 டன் பக்கம் விறகு கேட்கும். சீமைக் கருவேலம் வெட்ட, நறுக்க, ஏற்ற ஆள் வேண்டும். மூட்டம் போட்டுக் கரியாக்கினால் நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன்தான். இடறுவது ஈரம். பச்சை விறகை எடை போட்டு வாங்கினால் தண்ணீருக்குக் காசு கொடுத்த மாதிரி.

கம்பியாள்:
அதுவும் சரிதான், ஆனால் நிலையம் வந்தால்தானே. @கடலோரத்தான், ஒன்று விட்டுப்போச்சு. கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவர் மேல் மின்சாரம் பாயக்கூடாது என்று இன்வெர்ட்டர் தானாகவே நிறுத்திக்கொள்ளும். இதை முன்பணம் வாங்குவதற்கு முன்னாலேயே வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். லைனின் கடைசி முனையில் உள்ள வீடாக இருந்தால் மத்தியானம் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும். வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன் காலை, மதியம் இரண்டு வேளையும் வோல்ட்மீட்டர் வைத்துப் பாருங்கள்.